ஐந்தருவிக்கு நான் கொடுத்த சிம்

என் சிம் கார்டுக்குள்தான் நான் குடியிருக்கிறேன் என்று ஐம்பது வயதைத் தொடும்வரை நம்பியிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் நம்பர், நான் சேமித்து வைத்த பெயர்கள், பேங்க் கணக்கு, குடும்ப வாட்ஸப் குழுவில் எனக்கிருந்த கொஞ்சநஞ்ச மரியாதை, எல்லாமே அந்தச் சுண்டுவிரல் நகமளவு பிளாஸ்டிக்குக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். குழாய் வாங்க வருகிறவர்களுக்கு வாஷரோடு சேர்த்து இந்தத் தத்துவத்தையும் இலவசமாகக் கொடுத்து அனுப்புவேன்.

"போனுங்கிறது உடம்பு அண்ணாச்சி. சிம்முதான் உயிரு. உடம்பு போனா வேற உடம்பு வாங்கிக்கிடலாம். உயிரு போச்சுன்னா போச்சு."

யாரும் மறுத்ததில்லை. (வாஷர் வாங்க வந்தவன் எதுக்கு மறுக்கான்? அவனுக்கு வீட்டுல தண்ணி ஒழுகுது.) இந்தத் தத்துவத்துக்கு ஒரு கிளைச் சட்டமும் இருந்தது: சிம்மைக் கழற்றிய போனை ஆன் செய்யவே கூடாது, செய்தால் உள்ளே மிச்சமிருப்பதும் அழிந்துவிடும். இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். நானே கண்டுபிடித்து, நாலு பேரிடம் சொல்லி, அந்த நாலு பேரில் ஒருவர் ஆறு மாதம் கழித்து என்னிடமே திரும்ப வந்து சொன்னபோது, 'பார்த்தாயா, ஊரே சொல்கிறது' என்று உறுதி செய்துகொண்ட உண்மை அது.

அந்த வருடம் மகள் கோமதி பிளஸ் டூ முடித்து என்ஜினீயரிங் கலந்தாய்வில் இருந்தாள். அவள் ஆசைப்பட்டது திருநெல்வேலியில் ஒரு கல்லூரி, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு. ஆடிச் சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அதே இடம் ஒதுக்கீடாகி வந்துவிட்டது. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டில் ஒரே ஆரவாரம். யாராவது 'என்ன விசேஷம்' என்று கேட்பார்கள் என்று வாசலில் நின்று நாலு தடவை சத்தமாகத் தும்மிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒதுக்கீடு வந்தால் மட்டும் போதாது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் இணையதளத்தில் போய்ச் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்ததும், பதிவு செய்த நம்பருக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் இடம் நமக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். பதிவு செய்த நம்பர் என்னுடையது. விண்ணப்பம் போடும்போதே கோமதி கேட்டாள், "யப்பா, என் நம்பரையே குடுத்திருதேனே?" என்று. "அப்போ குடும்பத் தலைவன்னு நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டு நான்தான் என் நம்பரைப் போட வைத்தேன். எதற்கு இருக்கிறேன் என்பது அன்று சாயங்காலம் எல்லோருக்கும் தெரிந்தது.

காலையிலிருந்து இணையதளம் திறக்கவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மொத்தமும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள் போல. லேப்டாப்பில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கோமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் என் மைத்துனன் முத்துக்குமார் உள்ளே வந்தான்.

முத்துக்குமார் பட்டாளத்தில் இருக்கிறான். சமையல் பிரிவு. ஆனால் ஊருக்கு லீவில் வந்தால் எல்லையைத் தனியாளாகக் காத்துவிட்டு வந்தவன் மாதிரிதான் நடப்பான்.

"அத்தான், அஞ்சருவில தண்ணி அடிச்சி நொறுக்குதாம்! இங்கன உக்காந்து வட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படி? வாங்க, தலையைக் காட்டிட்டு ஓடி வந்திருவோம்."

தென்காசிக்காரனிடம் ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று சொல்வது, பசித்தவனிடம் இலை போட்டாச்சு என்று சொல்வது போல. கால் தானாக எழுந்துவிட்டது. என் மனைவி இசக்கியும் துண்டு, சீயக்காய்ப் பொட்டலத்தோடு தயாராகிவிட்டாள். (அருவிக்கு எதுக்கு போனுன்னு தன் போனை மட்டும் வீட்டுல வச்சிட்டு வந்தா. அன்னைக்கு எங்க மூணு பேருல புத்தி இருந்தது அவளுக்குத்தான்.)

கோமதி வாசல் வரை வந்தாள்.

"யப்பா, போனைக் கையிலயே வச்சிருங்க. ஓடிபி வந்த உடனே எனக்குச் சொல்லணும். என்ன ஆனாலும் ஆஃப் பண்ணிராதீங்க."

"தாயி, உங்கப்பனை யாருன்னு நெனச்ச?"

அவள் என் முகத்தை விட்டுவிட்டுப் போனையே பார்த்தாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

ஐந்தருவியில் கூட்டமென்றால் கூட்டம். சாரல் முகத்தில் தெளிக்கிறது. மலையிலிருந்து ஐந்து கிளையாகப் பிரிந்து தண்ணீர் இறங்கி வருகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்பவன் வாய் அசைவதுதான் தெரியும். இசக்கி பெண்கள் பக்கம் போனாள். நானும் முத்துக்குமாரும் சட்டையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு, எண்ணெய் தேய்க்கிறவரிடம் உடம்பைக் கொடுத்தோம். அவர் என் முதுகைத் தட்டிய தட்டில் பழைய பாக்கியெல்லாம் உதிர்ந்தது. ஆள் பளபளவென்று எண்ணெயில் பொரித்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டேன்.

அருவிக்குள் நுழைகிற நேரத்தில்தான் எனக்குள் இருந்த தத்துவவாதி கண் விழித்தார். போன் காரில் இருக்கிறது. காரைச் சுற்றிக் குரங்குகள். போன வாரம்தான் ஒரு குரங்கு, கண்ணாடி இடுக்கில் கைவிட்டு யாருடைய போனையோ எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறி, அதை மாம்பழம் என்று நினைத்துக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் கீழே எறிந்ததாகக் கடைக்கு வந்தவர் ஒருவர் சொல்லியிருந்தார். உடம்பு போனால் போகட்டும். உயிர்? அதற்குள் அல்லவா மகளின் ஓடிபி வரப்போகிறது!

"மாப்ள, ஒரு நிமிசம். சிம்மைக் கழட்டி எங்கூட வச்சிக்கிடுதேன்."

"அருவிக்குள்ளயா அத்தான்?"

"பக்கத்துல இருந்தாத்தாம்ல பாதுகாப்பு."

பட்டாளத்துக்காரனுக்குப் பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் எதிர்த்துப் பேச வராது. தலையாட்டினான்.

காருக்குப் போனேன். போனை ஆஃப் செய்தேன். (ஆமா, 'ஆஃப் பண்ணிராதீங்க'ன்னு பிள்ளை சொன்ன அதே போன்தான்.) மூக்குக் கண்ணாடியை முன்னமே கழற்றி வைத்துவிட்டதால் எனக்கு எல்லாமே சாரலாகத்தான் தெரிந்தது. சாவிக்கொத்தில் கிடந்த ஊக்கைப் போனின் பக்கவாட்டு ஓட்டையில் குத்தினேன். சின்னத் தட்டு ஒன்று வெளியே வந்தது. விரலெல்லாம் எண்ணெய். தட்டைத் தடவியதும் ஒரு வில்லை தானாகவே விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆகா, உயிர் கைக்கு வந்துவிட்டது! தட்டைத் திரும்ப உள்ளே தள்ளி, போனைச் சீட்டுக்கு அடியில் ஒளித்து, காரைப் பூட்டினேன். வில்லையைக் காலியான ஷாம்பு உறைக்குள் வைத்து நாலாக மடித்து, இடுப்புத் துண்டின் மடிப்பில் செருகிக்கொண்டேன். உலகத்திலேயே என் அளவு முன்யோசனை உள்ள தகப்பன் கிடையாது என்ற நடையில் அருவிக்குள் போனேன்.

அருவி எனக்காகக் காத்திருந்தது மாதிரி விழுந்தது. முதல் அடியில் தலை, இரண்டாவதில் தோள், மூன்றாவதில் கவலை எல்லாம் போய்விட்டது. "ஹூய்!" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற ஆலங்குளத்துக்காரர் ஒருவரும் "ஹூய்!" என்றார். அறிமுகமில்லாத இருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினோம். அப்போது மேலேயிருந்து ஒரு பெருந்தண்ணீர் இறங்கியது. இடுப்பில் துண்டு அவிழ்ந்தது.

துண்டைப் பிடிப்பதா, சிம்மைப் பிடிப்பதா என்று யோசிக்க அருவி நேரம் தரவில்லை. என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே துண்டைப் பிடித்தன. மானம் தப்பியது. குனிந்து மடிப்பைப் பார்த்தேன். ஷாம்பு உறையைக் காணோம்.

"ஐயோ! உயிரு போச்சே!"

நான் போட்ட சத்தத்தில் சுற்றி நின்றவர்கள் பதறி என்னைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். ஒருவர் நெஞ்சைத் தடவினார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஆலங்குளத்துக்காரர் மட்டும் விவரமாகக் கேட்டார்.

"என்ன போச்சி அண்ணாச்சி? செயினா? மோதிரமா?"

"சிம்மு!"

அவர் என் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "சிம்மைக் கட்டிக்கிட்டா அருவில குளிப்பாவ?" என்று கேட்டார். கேட்டதோடு விட்டாரா? அடுத்தவருக்குச் சொன்னார். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அருவிச் சத்தத்தையும் மீறி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

முத்துக்குமார் உடனே தலைமை ஏற்றான். "எல்லாரும் அப்படியே நில்லுங்க! யாரும் காலைத் தூக்காதீங்க! தரையைத் தடவுங்க!" என்று ஆணையிட்டான். பாவம், அவனுடைய குரலுக்குக் கட்டுப்பட்டு நாலைந்து பேர் குனிந்து தடவினார்கள். வரிசையில் நின்றவர்கள் உள்ளே போக முடியாமல் கூச்சல் போட்டார்கள். போலீஸ்காரர் விசிலடித்தார். ஒரு ரப்பர் செருப்பு, இரண்டு சோப்பு, ஒரு பல்செட் கிடைத்தன. சிம் கிடைக்கவில்லை. (பல்செட்டுக்குச் சொந்தக்காரர் எங்களைக் கும்பிட்டுட்டுப் போனாரு. அன்னைக்கு எங்களால நடந்த ஒரே நல்ல காரியம்.)

இசக்கி ஈரத்தலையோடு வந்தாள்.

"என்ன கூட்டம் இங்கன? யாரும் வழுக்கி விழுந்துட்டாவளா?"

நடந்ததை முத்துக்குமார் சொன்னான். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இருபது வருடம் குடும்பம் நடத்தியதில் எனக்குத் தெரியும், அதுதான் ஆபத்தான அறிகுறி.

"அக்கா, என் போன் இருக்கு. கோமதிக்கு விசயத்தைச் சொல்லிருவமா?" என்றான் அவன்.

"சொன்ன, உனக்கு இந்த லீவு பூரா எங்க வீட்டுல சோறு கிடையாது," என்றேன். பிள்ளைக்குத் தெரியும் முன்னால் சரிசெய்துவிட வேண்டும். குடும்பத் தலைவன் அல்லவா?

"அப்போ உங்க போனையாவது ஆன் பண்ணிப் பாப்பமா அத்தான்?"

"ஏலே, தொடாத! உள்ள இருக்கிறதும் அழிஞ்சிரும்!"

அந்த ஒரு பொத்தானை அவன் அமுக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

தென்காசிக்குக் காரை விரட்டினேன். சீசன் நேரம், சாலையெங்கும் வேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. என் மனமோ அருவித் தண்ணீர் போய்ச் சேரும் சிற்றாற்றோடு ஓடியது. ஷாம்பு உறை மிதந்து மிதந்து சுரண்டைப் பக்கம் ஏதோ ஒரு வாய்க்காலில் ஒதுங்குகிறது. தண்ணீர் பாய்ச்சும் ஒருவர் அதை எடுத்துத் தன் போனில் போடுகிறார். அந்த நொடியில் அவர் நானாகிவிடுகிறார்! என் கடைக்கு வரும் அழைப்பெல்லாம் அவருக்குப் போகிறது. என் மகளின் ஓடிபி அவருக்குப் போகிறது. அவர் பிள்ளை திருநெல்வேலிக் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறது. நான் பெயரில்லாத ஆளாக, துண்டோடு, ஐந்தருவியில் நிற்கிறேன்.

"அந்த ஆளு நல்லவரா இருந்தா பேசிப் பாக்கலாம்," என்றேன் வாய்விட்டு.

"எந்த ஆளு?" என்றாள் இசக்கி.

முன்னால் போன வேனுக்கு ஹாரன் அடித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடை. கவுண்டரில் ஒரு பெண், ரம்புட்டான் பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் ஈரத் தலையும் எண்ணெய் உடம்புமாகப் பாய்ந்தேன்.

"ஏம்மா, என் சிம்மு அருவியோட போயிட்டு! அதே நம்பர் வேணும்! கிடைக்குமா? கிடைக்காதுன்னு மட்டும் சொல்லிராத!"

"டூப்ளிகேட் தானே? ஆதார் இருக்கா?"

"அதே நம்பரா? என் நம்பரு அந்தச் சிம்முக்குள்ளல்லா இருந்திச்சி?"

"நம்பரு சிம்முக்குள்ள இருக்காது அண்ணாச்சி. கம்பெனி கம்ப்யூட்டர்ல இருக்கும். வெரலைக் குடுங்க."

ஒரு பழக்கொட்டையைத் துப்புகிற நேரத்தில் என் வாழ்நாள் தத்துவத்தை முடித்துவிட்டாள். எனக்கு வருத்தமே வரவில்லை, துள்ளிக் குதித்தேன். நம்பர் இருக்கிறது! சுரண்டைக்காரர் நான் ஆகவில்லை!

ஆனால் விரல் வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் அருவியில் ஊறிய விரல் காய்ந்த நெல்லிக்காய் மாதிரி சுருங்கியிருந்தது. அதன்மேல் எண்ணெய் வேறு. கைரேகைக் கருவி என்னை மனிதனாகவே ஏற்கவில்லை. கட்டைவிரலை வைத்தேன், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு. இசக்கி சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். முத்துக்குமார் என் கையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவில் வைத்துச் சப்பாத்தி மாவு மாதிரி உருட்டினான்.

"சீசன்ல வாரவுக எல்லாருக்கும் இந்தக் கததான். போய் வெரல காயப் போட்டுட்டு வாங்க," என்றாள் அந்தப் பெண்.

கடை வாசலில் நின்று பத்து விரலையும் விரித்துக் காற்றில் ஆட்டினேன். பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நான் யாரையோ வழியனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் பஸ் ஜன்னல் வழியாகத் திரும்பக் கையாட்டினாள்.

கடைசியில் இடது கை மோதிரவிரலுக்கு இரக்கம் வந்தது. பச்சை விளக்கு! பிறகு போட்டோ. "கண்ணைச் சிமிட்டுங்க" என்றாள். உயிரோடிருக்கிற ஆள்தானா என்று பார்ப்பார்களாம். நான் பதற்றத்தில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்து இசக்கி தலையைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவ்வளவுதான். பழைய சிம்மு செத்துட்டு. புதுசு வேலை செய்யும். போனைக் குடுங்க."

பழையது செத்தது! சுரண்டைக்காரர் கையில் இனி அது வெறும் பிளாஸ்டிக்! நான் முத்துக்குமாரைக் கட்டிப்பிடித்தேன். காரிலிருந்து போனை எடுத்து வந்து, மாலை போட்டுக் கொடுக்காத குறையாக அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் ஊசியால் குத்தித் தட்டை வெளியே எடுத்தாள். பார்த்தாள். திரும்பப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இங்கன ஒரு சிம்மு இருக்கே?"

இசக்கியும் முத்துக்குமாரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள்.

"அது… வேற ஏதாவது சிம்மா இருக்கும்," என்றேன்.

"உங்க நம்பரு சிம்முதான். இப்பத்தானே நான் கட் பண்ணினேன். பக்கத்துல மெமரி கார்டு இருக்கிற எடம்தான் காலியா இருக்கு."

அருவிக்கு நான் கொடுத்தது மெமரி கார்டை. அதில் இருந்தவை, சொந்தக்காரர்கள் எனக்கு அனுப்பிய பூ போட்ட குட்மார்னிங் படங்கள். அழிக்க மனசில்லாமல் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனையும் சிற்றாற்றில் மிதந்து போய்க்கொண்டிருந்தன. சிம்மோ, நான் எண்ணெய் தேய்த்தபோதும், உயிர் போச்சே என்று கதறியபோதும், ஊர்க்காரர்கள் தரையைத் தடவியபோதும், சீட்டுக்கு அடியில் நிம்மதியாகப் படுத்திருந்திருக்கிறது. இப்போது செத்துவிட்டது.

இசக்கி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏலே முத்து," என்றாள் தம்பியிடம், "நீ பட்டாளத்துலதானே இருக்க? துப்பாக்கி கொண்டு வந்திருக்கியா?"

"கரண்டிதான் இருக்கு அக்கா."

"பரவாயில்ல, அதைக் குடு."

நான் அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். "ஏம்மா, செத்ததைத் திரும்ப எழுப்ப முடியாதா?" முடியாதாம். பின்னால் கோமதி எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தாள். சிம்முக்குள் இருப்பது அதற்கென்று ஒரு நீளமான அடையாள எண்ணும் ஒரு ரகசியச் சாவியும்தான். டவர் பக்கம் போனதும் கம்பெனி ஒரு புதிர் போடுமாம். சிம் தன் சாவியை வைத்துக் கணக்குப் பார்த்து விடையை மட்டும் சொல்லும். சாவியை யாருக்கும் காட்டாது. அதே சாவி கம்பெனியிடமும் இருப்பதால் அவர்களும் கணக்குப் போட்டுப் பார்ப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் உள்ளே விடுவார்கள். என் சொந்த ஊரான ராயகிரியில் கல்யாண வீடுகளில் வாசலில் ஒரு பெரியவர் நின்று "யாரு வீட்டு ஆளு நீங்க?" என்று கேட்பாரே, அது மாதிரி. சரியான பதில் சொன்னால் பந்திக்குப் போகலாம். நம் போன் நம்பர், அந்த அடையாள எண்ணுக்கு நேராகக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் கட்டிப் போட்ட மாடு. டூப்ளிகேட் கேட்டால், பழைய கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துப் புதுத் தறியில் கட்டிவிடுவார்கள். பழைய தறி அப்புறம் வெறும் குச்சி.

"சரி விடு," என்று நான் மார்பை நிமிர்த்தினேன். "புதுசு வேலை செய்யுதுல்லா? ஓடிபி வந்தாப் போதும்."

அந்தப் பெண் பழத்தோலைக் கீழே வைத்தாள். "ஓடிபியா? எஸ்எம்எஸ் நாளைக்குத்தான் வரும். டூப்ளிகேட் சிம் போட்டா ஒரு நாள் பூரா எஸ்எம்எஸ்ஸ நிறுத்தி வச்சிருவாவ. கால் மட்டும் வரும்."

"எதுக்கு?"

"வேற ஆளு உங்க பேருல சிம்ம வாங்கி ஓடிபிய எடுத்துரக் கூடாதுல்லா? திருடனுக்காகத்தான்."

"நான் திருடன் இல்லையேம்மா!"

"திருடனும் அதைத்தான் சொல்லுவான் அண்ணாச்சி."

மணி நாலரையைத் தாண்டிவிட்டது. அவ்வளவு நேரம் பட்டதெல்லாம் விளையாட்டுப் பதற்றம், இது வேறு. பிள்ளை ஒரு வருடம் விடிய விடியப் படித்து வாங்கிய இடம். நான் ஒரு ஊக்கை வைத்துக் குத்திக் கெடுத்திருக்கிறேன். புது சிம்மிலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். பாதி மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"யப்பா! எங்க போனீங்க? மத்தியானமே சைட் தொறந்துட்டு! ஓடிபி கேட்டு கேட்டுப் பாக்கேன், உங்க போன் ஆஃப்ல இருக்கு, மாமா போனை எடுக்கவே மாட்டேங்குதாரு…"

முத்துக்குமார் தன் போனைப் பார்த்தான். சத்தமில்லாமல் வைத்திருந்தான். அதில் கோமதியின் பெயர் அடுக்காக நின்றது. இசக்கி அவனையும் கரண்டிப் பட்டியலில் சேர்த்தது முகத்தில் தெரிந்தது.

"தாயி," என்றேன். இசக்கி போனை வாங்கி, அருவி, துண்டு, டூப்ளிகேட், எஸ்எம்எஸ் என்று நாலே வரியில் சொல்லி முடித்தாள். பிறகு கோமதியின் குரல், ரொம்ப நிதானமாக.

"கால் வருமா?"

"வருமாம்."

"சரி. இதுல 'குரல் அழைப்புல ஓடிபி'ன்னு ஒண்ணு இருக்கு. மூணு தடவைதான் கேக்க முடியும். எடுத்துக் கேட்டு, மாமா போன்ல எனக்குச் சொல்லுங்க. அப்பாகிட்டச் சொல்லுங்க, பதறாம இருக்கட்டும்."

நான் பதறவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நின்றேன். அடித்தது! ஏதோ தெரியாத நம்பர். பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "நேரங்கெட்ட நேரத்துல இவனுக வேற, லோன் வேணுமா லோன் வேணுமான்னு!" என்று சொல்லி, பல வருடப் பழக்கத்தில் கட் செய்தேன்.

கடையில் இருந்த மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அத்தான்," என்றான் முத்துக்குமார் மெதுவாக, "அதுதான் ஓடிபி."

இரண்டாவது அழைப்பு வந்தது. இந்த முறை பாய்ந்து எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், அழகான ஆங்கிலத்தில். அரசாங்கத்திலிருந்து ஒரு அம்மா நமக்காக அழைத்திருக்கிறார். மரியாதை இல்லாமல் பேசலாமா? "வணக்கம் மேடம்! நான் கோமதியோட அப்பா மாடசாமி பேசுதேன். தென்காசி. ரொம்ப நன்றி மேடம், ஒரு சின்னத் தப்பு நடந்துட்டு, அருவிக்குப் போயிருந்தோம்…" என்று தொடங்கினேன். அந்த அம்மா என் பேச்சைக் கேட்காமல் தன் போக்கில் ஏதோ எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். "மேடம், ஒரு நிமிசம், நான் சொல்லி முடிச்சிக்கிடுதேன்" என்றேன். வைத்துவிட்டார்.

"மிசின்கிட்ட யாருய்யா குசலம் விசாரிப்பா!" கவுண்டர்ப் பெண்ணுக்கே பொறுக்கவில்லை.

மூன்றாவது. அடித்ததும் இசக்கி எழுந்தாள். இடது கையால் போனைப் பிடுங்கினாள். வலது கையை என் வாயில் வைத்து அழுத்தினாள். சீயக்காய் வாசனை. மூச்சு முட்டியது. நான் கண்ணால் மட்டும் பேசினேன். அவள் போனைக் காதில் வைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தமிழில் சத்தமாகச் சொன்னாள். முத்துக்குமார் அதைத் தன் போனில் பட்டாளத்துத் தொண்டையில் கோமதிக்குக் கத்தினான். தெருவில் போனவர்களுக்கெல்லாம் எங்கள் ஓடிபி தெரிந்துவிட்டது. என் வாயில் இன்னும் இசக்கியின் கை.

முத்துக்குமாரின் போனிலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. "ம்மா! ஏத்துக்கிட்டு! சீட்டு நமக்குத்தான்!"

கவுண்டர்ப் பெண் கைதட்டினாள். முத்துக்குமார் விறைப்பாக நின்று கடைக்கு ஒரு சல்யூட் வைத்தான். நான் அழுதேன். அழுதது யாருக்கும் கேட்கவில்லை. இசக்கி கையை எடுக்க மறந்துவிட்டாள்.

கோமதி இப்போது அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறாள். சிநேகிதிகள் வீட்டுக்கு வந்தால் என்னை அறிமுகம் செய்வதே இப்படித்தான்: "எங்கம்மா எங்கப்பா வாயைப் பொத்துனதால எனக்குக் கெடச்ச சீட்டு இது." தெரியாத நம்பரிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் வீட்டில் எங்கே இருந்தாலும் இசக்கி கையை நீட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். முத்துக்குமார் இதைத் தன் முகாமில் இந்தியில் சொல்லி, சொல்லும்போதெல்லாம் கேட்பவர்கள் ரொட்டியைக் கருக விடுவதாகக் கேள்வி. அவன் சொல்லும் கதையில் நான் துண்டையும் விட்டுவிடுகிறேன். ஆலங்குளத்துக்காரர் சொல்லும் கதையில் அருவியையே நிறுத்தித் தேடினார்களாம். என் கடைக்கு வருகிறவர்கள், "சிம்மைக் கழட்டி மடியில வச்சாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுத்தான் குழாயின் விலையைக் கேட்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். என் சிம் தொலையவே இல்லை. ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரு சிம்மை, அது என் காருக்குள்ளேயே இருக்கும்போது, தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பத்து விரலையும் காயவைத்துக் கைரேகை கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டோவும் எடுத்து, நானே செல்லாமல் ஆக்கினேன்.